இரத்தம் சிந்தும் இரண்டாம் பாகத்தைப் பார்க்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

பிரிட்டனின் ஹாமர் நிறுவனம் தயாரித்த டிராகுலா படங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில் எழுதுகிறேன். படத்தின் முக்கியமான திருப்பங்களைச் சொல்லாமல் இவற்றுக்கு நேர்மையாக விடையளிக்க முடியாது என்பதால், கதை தெரியாமல் படம் பார்க்க விரும்புவோர் படத்தைப் பார்த்த பிறகு இப்பகுதிக்குத் திரும்பி வரலாம்.

கேள்வி: கிறிஸ்டோபர் லீ டிராகுலாவாக நடித்து 1958ஆம் ஆண்டு வெளிவந்த படத்தை அண்மையில் பார்த்து வியந்தேன். அதன் தொடர்ச்சியாக 1966இல் வந்த ‘டிராகுலா: பிரின்ஸ் ஆஃப் டார்க்னஸ்’ படத்தையும் பார்க்க ஆசை. ஆனால் அதில் குடலைப் புரட்டும் இரத்தக் காட்சி உண்டு என்றும், முதல் படத்தில் டிராகுலாவை வேட்டையாடும் வான் ஹெல்சிங்காக வந்த பீட்டர் குஷிங் இதில் நடிக்கவில்லை என்றும், டிராகுலாவே பாதிப் படம் முடிந்த பிறகுதான் வருகிறான் என்றும் சொல்லி நண்பர்கள் தடுக்கிறார்கள். பார்க்கலாமா, வேண்டாமா?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: பார்க்கலாம், அவசியம் பார்க்க வேண்டும் என்றே சொல்வேன். நண்பர்கள் சொன்ன மூன்று செய்திகளும் உண்மை. அவற்றுள் இரத்தக் காட்சியும் டிராகுலாவின் தாமதமான வருகையும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை. படத்தின் வலிமை முழுவதும் அந்தப் பிணைப்பில்தான் இருக்கிறது.

முதல் படம் முடிந்த இடத்திலிருந்தே இது தொடங்குகிறது. வான் ஹெல்சிங் திரைச்சீலையைக் கிழித்துச் சூரிய ஒளியை உள்ளே விட, டிராகுலா சாம்பலாகும் அந்தப் புகழ்பெற்ற காட்சியைப் புகை சூழ்ந்த திரைச்சட்டத்துக்குள் மீண்டும் காட்டிவிட்டு, பத்து ஆண்டுகள் கடந்த காலத்துக்குக் கதை நகர்கிறது. குஷிங்கை நாம் காண்பது அந்தப் பழைய காட்சியில் மட்டுமே. பிறகு கார்ப்பாத்திய மலைப் பகுதியில் சுற்றுலா வந்திருக்கும் இரண்டு ஆங்கிலேயத் தம்பதியர் அறிமுகமாகிறார்கள்: அண்ணன் ஆலன், அவன் மனைவி ஹெலன், தம்பி சார்லஸ், அவன் மனைவி டயானா. கோட்டைப் பக்கம் போகாதீர்கள் என்று, வழியில் தங்கிய விடுதியில் சாண்டோர் என்னும் துறவி எச்சரிக்கிறார். அவர்கள் பொருட்படுத்துவதில்லை. பொழுது சாயும் நேரத்தில் வண்டிக்காரன் அச்சத்தால் அவர்களை நடுவழியில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறான். ஓட்டுநர் இல்லாத வண்டியொன்று குதிரைகளோடு தானாக வந்து நிற்கிறது. அது அவர்களைக் கோட்டைக்கு இட்டுச்செல்கிறது. கோட்டைக்குள் நால்வருக்கு உணவு மேசை விரித்து வைக்கப்பட்டிருக்கிறது. குளோவ் என்னும் பணியாள் வந்து, தன் எசமானர் இறந்துவிட்டதாகவும், விருந்தினர் எப்போது வந்தாலும் கோட்டை ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று அவர் கட்டளையிட்டுச் சென்றிருப்பதாகவும் அமைதியாகச் சொல்கிறான்.

ஏறத்தாழ 45 நிமிடங்கள் இப்படியே கழிகின்றன. இரத்தம் இல்லை, பல் இல்லை, டிராகுலாவும் இல்லை. வெறும் நடைக்கூடங்கள், படிக்கட்டுகள், திரைச்சீலைகள், யாரோ நமக்காகக் காத்திருக்கிறார்கள் என்ற உணர்வு, அவ்வளவுதான். இயக்குநர் டெரன்ஸ் ஃபிஷர் இந்தப் பகுதியில் காட்டும் பொறுமையை இன்றைய திகில் படங்களில் நான் அரிதாகவே காண்கிறேன். நண்பர்களுக்கு இது சலிப்பாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் பழைய கோட்டைகளையும் மர்மத்தையும் மையமாகக் கொண்ட கோதிக் கதையின் உயிரே கட்டடத்தில் இருக்கிறது. பழைய கோட்டை ஒன்று தன்னுள் நுழைந்தவர்களை மெல்ல மெல்ல விழுங்குவதைப் பார்க்கப் பொறுமையில்லாதவர்கள் இந்த வகைப் படங்களை விட்டுவிடுவதே நல்லது. தேம்ஸ் நதிக்கரையில் இருந்த பிரே ஸ்டூடியோ அளவில் சிறியது. அங்கே கலை இயக்குநர் பெர்னார்டு ராபின்சன் குறைந்த செலவில் எழுப்பிய அரங்குகள், ரஷ்யத் துறவி ரஸ்புடினைப் பற்றி அடுத்து உடனே எடுக்கப்பட்ட படத்துக்கும் பயன்பட்டன. லீயும் பிற முதன்மை நடிகர்கள் மூவரும் அந்தப் படத்திலும் நடித்தார்கள். இத்தனை சிக்கனம் திரையில் எங்கும் தெரிவதில்லை.

இனி அந்தக் காட்சிக்கு வருகிறேன். நள்ளிரவில் ஓசை கேட்டு வெளியே வரும் ஆலனைக் குளோவ் கத்தியால் குத்தி வீழ்த்துகிறான். பிறகு அவனைக் கல் பேழையொன்றின் மேலே தலைகீழாகக் கயிற்றில் தொங்கவிட்டு, பேழைக்குள் எசமானரின் சாம்பலைப் பரப்பி, ஆலனின் கழுத்தை அறுக்கிறான். சாம்பலின் மேல் இரத்தம் கொட்டுகிறது. அதிலிருந்து புகை எழுந்து, உருத் திரண்டு, இறுதியில் ஒரு கை பேழையின் விளிம்பைப் பற்றுகிறது. 1966ஆம் ஆண்டில் இது பார்வையாளரை அதிர வைத்த காட்சி. இன்றும் எளிதில் மறக்கக்கூடியதன்று. ஆனால் இதில் வெறி இல்லை, அவசரமும் இல்லை. குளோவாக நடித்த ஃபிலிப் லேதமின் முகத்தில் சினமோ மகிழ்ச்சியோ இல்லாமல், பல ஆண்டுகளாகக் காத்திருந்த கடமையை முறை தவறாமல் நிறைவேற்றும் பூசாரியின் ஒழுங்கு மட்டுமே தெரிகிறது. இரத்தத்தால் உயிர் பெறுதல் என்ற கிறித்தவச் சடங்கின் கருத்தை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருப்பதால்தான், பாய்ந்து வரும் இரத்தத்தின் அளவைக் காட்டிலும் அந்தச் சடங்கின் ஒழுங்கு நம்மை அதிகமாக நடுங்க வைக்கிறது. முதல் பாதியின் காத்திருப்பு இல்லாமல் இந்தக் காட்சி வெறும் கசாப்பாகிவிட்டிருக்கும்.

90 நிமிடப் படத்தில் உண்மையிலேயே கொடூரமானது என்று சொல்லத்தக்க இரத்தக் காட்சி இது ஒன்றுதான். அதைத் தாங்கிக்கொள்ள இயலாது என்று தோன்றினால், ஆலன் தன் அறையை விட்டு வெளியே வந்ததும் சில நிமிடங்கள் கண்ணை மூடிக்கொள்ளலாம். கதை விளங்காமல் போகாது. ஆயினும் ஜேம்ஸ் பெர்னார்டின் இசை அப்போதும் விடாது. டிராகுலா என்ற பெயரின் ஒலிப்புக்கு இசைந்த மூன்று சுரங்களை முதல் படத்திலேயே அவர் அமைத்துவிட்டார். அவை மீண்டும் எழும்போது, கண்ணை மூடியிருந்தாலும் யார் வந்துவிட்டான் என்பது தெரிந்துவிடும்.

குஷிங் இல்லாதது குறைதான். அதை மறுக்க மாட்டேன். அவருடைய வான் ஹெல்சிங்கிடம் இருந்த கூர்மையான அறிவும், ஓய்வற்ற வேகமும் இங்கே இல்லை. அவருக்குப் பதிலாக ஆண்ட்ரூ கெய்ர் நடித்த சாண்டோர் வேறு வகை மனிதர்: துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு காட்டில் திரிபவர், விடுதியின் கணப்பில் அங்கியைத் தூக்கிக் குளிர் காய்பவர், மூடநம்பிக்கையைக் கண்டால் கடிந்துகொள்பவர். இறந்துபோன பெண்ணொருத்தி இரத்தக் காட்டேரியாக எழுந்துவிடுவாள் என்றஞ்சி அவள் உடலில் ஆப்பறைய முனைந்த கூட்டத்தை அவர் தடுத்து நிறுத்தும் தொடக்கக் காட்சியிலேயே அவர் மீது நமக்கு மதிப்பு உண்டாகிவிடுகிறது. உண்மையான குறை இரண்டாம் பாதியில் இருக்கிறது. கதை சாண்டோரின் மடாலயத்துக்குப் போன பிறகு, பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட நாவலிலிருந்து எஞ்சிய சில பகுதிகளை எடுத்து ஒட்டியது போன்ற தொய்வு ஏற்படுகிறது. ஈ தின்னும் மனநோயாளியாக வரும் லுட்விக் அங்கிருந்து வந்தவரே. கோட்டை அகழியின் உறைந்த பனிப்பரப்பில் நிகழும் முடிவு கற்பனையில் புதியது, ஆனால் மிக விரைவாக முடிந்துபோகிறது. இவற்றையெல்லாம் கழித்த பிறகும் எஞ்சுவது நல்ல படமே.

கேள்வி: இந்தப் படத்தில் டிராகுலா ஒரு சொல்லும் பேசுவதில்லை, சீறுகிறான், அவ்வளவுதான். கிறிஸ்டோபர் லீயின் குரலை இப்படி வீணாக்கலாமா?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: இது குறித்து இரண்டு கூற்றுகள் உண்டு. திரைக்கதையில் இருந்த வசனங்கள் மிக மோசமாக இருந்ததால் அவற்றைப் பேச மறுத்துவிட்டதாக லீ பிற்காலத்தில் கூறிவந்தார். ஜான் சான்சம் என்ற புனைபெயரில் அத்திரைக்கதையை எழுதிய ஜிம்மி சாங்ஸ்டரோ, டிராகுலாவுக்குத் தாம் வசனமே எழுதவில்லை என்றார். யார் சொன்னது சரி என்று தீர்ப்புக் கூறுவதைவிட, திரையில் நிகழ்வதைப் பார்ப்பது பயனுள்ளது.

1958ஆம் ஆண்டுப் படத்தை நினைவுகூருங்கள். அதில் டிராகுலா தன் கோட்டைக்கு வந்த ஜோனத்தன் ஹார்க்கரிடம் மட்டுமே உரையாடுகிறான்; பண்பட்ட பிரபுவாகப் படியிறங்கி வந்து, தெளிவான ஆங்கிலத்தில் விருந்தினரை வரவேற்று, அறையைக் காட்டிவிட்டுப் போகிறான். அவனுடைய உண்மை உருவம் வெளிப்பட்ட பிறகு படம் முடியும் வரை அவன் எவரிடமும் பேசுவதில்லை. ஆகவே மௌனம் இரண்டாம் பாகத்தில் திடீரென்று புகுந்ததன்று. முதல் படத்திலேயே அதற்கு வித்திடப்பட்டிருந்தது. 1966இல் சாம்பலிலிருந்து எழுந்து வருபவனிடம் பிரபுவின் நாகரிகம் எதுவும் மிச்சமில்லை என்பதை ஃபிஷர் அந்த மௌனத்தால் உணர்த்துகிறார். ஆறடி ஐந்து அங்குல உயரமுள்ள லீ, சிவந்த கண்களோடு படிக்கட்டின் உச்சியில் நின்று ஒரு கையை மட்டும் உயர்த்தும்போது வசனத்துக்கு அங்கே வேலையில்லை.

இழப்பும் உண்டு. பேசாத டிராகுலா எவரையும் சொல்லால் மயக்க முடியாது. மடாலயத்தில் டயானாவை அழைத்து, தன் மார்பை நகத்தால் கீறி இரத்தத்தைக் குடிக்கச் செய்ய முனையும் காட்சியில் அவனுடைய பார்வை மட்டுமே எல்லாவற்றையும் செய்ய வேண்டியிருக்கிறது. அந்தக் காட்சி லீயின் கண்களால் தாங்கி நிற்கிறது; அவரைவிடத் திறமை குறைந்த நடிகராக இருந்திருந்தால் குலைந்து போயிருக்கும்.

கேள்வி: பத்து வயது மகன் பேய்ப் படம் என்றால் துள்ளிக் குதிக்கிறான். பழைய படம்தானே என்று இதை அவனுக்குக் காட்டலாமா?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: காட்ட வேண்டாம். பிரிட்டனில் இப்படம் வெளியானபோது அதற்கு ‘எக்ஸ்’ சான்றிதழ் வழங்கப்பட்டது. அக்காலத்தில் 16 வயது நிரம்பாதவர்களை அத்தகைய படங்களுக்கு அரங்கில் அனுமதிப்பதில்லை. காலம் மாறியிருக்கலாம், ஆனால் தலைகீழாகத் தொங்கும் மனிதனின் கழுத்தை அறுப்பது பத்து வயதுப் பிள்ளையின் மனத்தில் எத்தகைய வடுவை உண்டாக்கும் என்பது மாறவில்லை.

கேள்வி: படத்தைப் பார்த்துவிட்டேன். நீங்கள் அனைவரும் பேசும் அந்தச் சாம்பல் காட்சி என்னைப் பாதிக்கவில்லை. ஆனால் இரத்தக் காட்டேரியாக மாறிவிட்ட ஹெலனை மடாலயத்தில் துறவிகள் பிடித்து அழுத்திக்கொண்டு மார்பில் ஆப்பறையும் காட்சியில் எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது. ஒரு பெண்ணை இத்தனை ஆண்கள் சேர்ந்து கொல்வதை நல்ல முடிவு போலக் காட்டும் படத்தை எப்படிப் பரிந்துரைக்கிறீர்கள்?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: படத்தின் மிக முக்கியமான இடத்தைச் சரியாகத் தொட்டிருக்கிறீர்கள். இந்தப் படத்தைப் பற்றி எனக்கு மற்ற எதைக் காட்டிலும் அதிகமாகச் சொல்ல இருப்பதும் ஹெலனைப் பற்றித்தான்.

அவளைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம். நால்வரில் அவள் ஒருத்திதான் சிடுசிடுப்பானவள். இறுக்கமாகக் கட்டிய கூந்தல், கழுத்துவரை மூடிய உடை, எதைக் கண்டாலும் குறை சொல்லும் நாக்கு; கொழுந்தன் அவளைக் கேலி செய்கிறான், கணவன் சமாதானம் செய்து அடக்கப் பார்க்கிறான். ஆனால் கோட்டையைக் கண்ட மாத்திரத்தில் அங்கே தீமை இருப்பதை உணர்ந்தவள் அவள் மட்டுமே. உள்ளே போக வேண்டாம் என்கிறாள், உணவு மேசையில் உட்கார மறுக்கிறாள், தமக்கு விடியலே இல்லை என்று படுக்கையறையில் கணவனிடம் சொல்கிறாள். அச்சப்படுபவளை எல்லாரும் அறிவிலி என்று எண்ணுகிறார்கள். அவள் சொன்னது ஒவ்வொன்றும் பலிக்கிறது. இதை நடித்த பார்பரா ஷெல்லி, ஹாமர் நிறுவனத்துப் பெண் நடிகர்களுள் முதல் வரிசையில் வைக்கத்தக்கவர். 2021 ஜனவரியில் தம் 88ஆவது வயதில் காலமானார். ஹெலனின் அச்சத்தைக் கேலிக்குரியதாக ஆக்காமல், அவளுடைய தன்மானத்தின் ஒரு பகுதியாகவே அவர் நடித்துக் காட்டினார்.

பிறகு டிராகுலாவால் கடிக்கப்பட்ட ஹெலன் முற்றிலும் வேறு பெண்ணாக வருகிறாள். கூந்தல் அவிழ்ந்து கிடக்கிறது, வெண்ணிற ஆடை காற்றில் அலைகிறது, முதற்பாதியில் ஒருமுறையும் மலராத முகம் மலர்கிறது. மடாலயத்தின் சன்னலுக்கு வெளியே நின்று, குளிராக இருக்கிறது, உள்ளே விடு என்று டயானாவிடம் கெஞ்சுகிறாளே, அந்தக் குரலில் பசியும் இருக்கிறது, உண்மையான தனிமையும் இருக்கிறது. இந்த இரண்டும் ஒரே குரலில் ஒலிப்பதால்தான் அந்தச் சிறு காட்சி அவ்வளவு அச்சமூட்டுகிறது.

முதல் படத்தில் டிராகுலாவால் கடிபட்டு இரத்தக் காட்டேரியான லூசிக்கு நேர்ந்ததோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே கல்லறைக்குள் அசைவற்றுக் கிடப்பவள் மீது வான் ஹெல்சிங் ஆப்பறைகிறார். அது நோயாளிக்குச் செய்யும் அறுவைச் சிகிச்சை போலத் தோன்றுகிறது. இங்கே ஹெலன் முழு விழிப்போடு இருக்கிறாள். துறவிகள் அவளுடைய கைகால்களைப் பற்றி மேசையில் அழுத்துகிறார்கள். அவள் உடலை முறுக்கி, சீறி, கடைசி நொடி வரை போராடுகிறாள். சாண்டோர் ஆப்பை அறைந்த பின் முகத்தில் அமைதி படர்கிறது. ஆன்மா மீட்கப்பட்டது என்பது கதை தரும் விளக்கம். ஆனால் ஃபிஷர் அந்தப் போராட்டத்தைச் சுருக்கவும் இல்லை, பார்வையிலிருந்து ஒதுக்கவும் இல்லை. அவளைக் கொல்வது தேவை என்று கதை சொல்லும்போதே, அது பார்க்கச் சகிக்காத செயல் என்பதையும் காமிரா பதிவு செய்துவிடுகிறது. சாம்பல் காட்சியில் கொன்றவன் தீயவன் என்பதால் நாம் எந்தக் குழப்பமும் இல்லாமல் அருவருப்படைய முடிகிறது. இங்கே கொல்பவர்கள் நல்லவர்கள், அவர்களில் ஒருவரை நாம் படம் முழுவதும் மதித்து வந்திருக்கிறோம்; ஆகவே நம் அருவருப்புக்குப் போக்கிடம் இல்லை. குளோவ் செய்ததும் துறவிகள் செய்வதும், இரண்டுமே உறுதியோடும் ஒழுங்கோடும் நிறைவேற்றப்படும் சடங்குகள் என்பதை உணரும்போது உங்களுக்கு ஏற்பட்ட மனக்கசப்பு மேலும் கூடும்.

எழுந்து போய்விடத் தோன்றியதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். படத்தை எடுத்தவர்கள் இந்தக் காட்சியை வெற்றியாகக் கருதினார்களா, துயரமாகக் கருதினார்களா என்பதில் திறனாய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை; ஆணாதிக்கத்தின் வெளிப்படையான வன்முறை என்று இதைக் கண்டித்து எழுதியவர்கள் உண்டு. அவர்கள் கூறுவதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். என்றாலும், எல்லாரைக் காட்டிலும் முன்னதாக உண்மையை உணர்ந்த பெண்ணை, முதலில் கணவனும் கொழுந்தனும் கேளாமல் கைவிட்டதையும், பிறகு டிராகுலா கவர்ந்து கொண்டதையும், இறுதியில் காப்பாற்றுவதாகச் சொல்லி வந்தவர்கள் கொன்றதையும் இத்தனை தெளிவாகக் காட்டிய வேறொரு ஹாமர் படம் இல்லை என்பதே என் மதிப்பீடு. படத்தைப் பரிந்துரைப்பதற்கு எனக்குள்ள முதற்காரணமும் ஹெலனே.

கேள்வி: இதற்குப் பிறகும் டிராகுலா படங்கள் பல வந்தனவாமே? எவற்றைப் பார்க்கலாம்? எந்தப் பிரதியில் பார்ப்பது நல்லது?
— ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: லீ ஹாமருக்காக ஏழு முறை டிராகுலாவாக நடித்தார். அவற்றுள் சேராத ஒன்றை முதலில் பாருங்கள்: 1960இல் ஃபிஷர் இயக்கிய ‘தி பிரைட்ஸ் ஆஃப் டிராகுலா’. பெயரில் டிராகுலா இருந்தாலும் அவன் அதில் வருவதில்லை, லீயும் இல்லை. ஆனால் குஷிங் இருக்கிறார், அவர் இல்லாத குறையைச் சொன்ன திருநெல்வேலி வாசகருக்கும் அதுவே பொருத்தமானது.

1968ஆம் ஆண்டு ஃபிரெடி ஃபிரான்சிஸ் இயக்கிய ‘டிராகுலா ஹேஸ் ரிசன் ஃபிரம் த கிரேவ்’ படத்தைத் தயங்காமல் பார்க்கலாம். ஃபிரான்சிஸ் அடிப்படையில் ஒளிப்பதிவாளர். டிராகுலா தோன்றும் இடங்களில் சட்டத்தின் ஓரங்களில் செம்மஞ்சள் நிறம் படரும்படி வடிகட்டிகளைப் பயன்படுத்தி, அவனுடைய வருகையால் காற்றே கெட்டுப்போனது போன்ற தோற்றத்தை உண்டாக்கினார். இதில் லீ பேசுகிறார். மார்பில் ஆப்பறைந்தவன் இறைவனை வேண்டாததால் டிராகுலா அதைத் தானே பிடுங்கி எறியும் காட்சியில் இரத்தம் ஏராளம். அந்தக் காட்சி லீக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அது பிடிக்கும், ஏனெனில் இறைநம்பிக்கையற்ற நாயகன் ஒருவனின் கதையில் அதற்கு இடம் இருக்கிறது.

1970இல் வந்த ‘ஸ்கார்ஸ் ஆஃப் டிராகுலா’வைத் தவிர்க்கலாம். இரத்தத்தை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் வரிசையில் அதற்குத்தான் முதலிடம்: தேவாலயத்துக்குள் பெண்களைக் குதறிப்போடும் வௌவால்கள், பழுக்கக் காய்ச்சிய வாளால் பணியாளைச் சுடும் டிராகுலா எனக் கொடுமை அடுக்கடுக்காக வருகிறது. அந்தக் கொடுமைகளுக்கு முன்னால் காத்திருப்பு இல்லை, பின்னால் விளைவு இல்லை. வௌவால் ஒன்று பறந்து வந்து இரத்தத்தைச் சொட்டவிட, சாம்பல் உடனே உயிர் பெறும் தொடக்கக் காட்சியை 1966ஆம் ஆண்டுக் காட்சிக்கு அருகில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். அதே ஆண்டில் பீட்டர் சாஸ்டி இயக்கிய ‘டேஸ்ட் த ப்ளட் ஆஃப் டிராகுலா’ அதைவிடப் பல மடங்கு சிறந்தது. டிராகுலாவை 1970களின் லண்டனுக்குக் கொண்டுவந்த கடைசி இரண்டு படங்களில் கோட்டை இல்லை, பனி மூடிய மலைப்பாதை இல்லை. குஷிங் திரும்பி வந்தும் அவற்றில் என் மனம் ஒன்றவில்லை.

பிரதியைப் பற்றிக் கேட்டது நல்லதாயிற்று. ‘பிரின்ஸ் ஆஃப் டார்க்னஸ்’ டெக்னிஸ்கோப் முறையில் எடுக்கப்பட்டது. ஒவ்வொரு சட்டத்துக்கும் வழக்கமான படச்சுருளில் பாதியளவே செலவாகும் அந்த முறையில் அகன்ற திரைக்கான படம் கிடைக்கும். உயரத்தைப் போல 2.35 மடங்கு அகலம். ஒளிப்பதிவாளர் மைக்கேல் ரீடு அந்த அகலத்தில் கோட்டையின் வெறுமையை நிரப்பி வைத்திருக்கிறார்: ஓரத்தில் ஒரு மனிதன், எஞ்சிய இடமெல்லாம் இருள். பழைய தொலைக்காட்சிப் பிரதிகளில் இரு பக்கமும் வெட்டப்பட்டு அந்த வெறுமையே காணாமல் போயிருக்கும், நிறமும் மங்கியிருக்கும். 2012இல் புதுப்பிக்கப்பட்டு ப்ளூ-ரே வட்டில் வெளியான பிரதியை, அல்லது அதிலிருந்து எடுக்கப்பட்ட பிரதியைத் தேடுங்கள். அறையின் விளக்குகளை அணைத்துவிட்டு, கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, முதல் 45 நிமிடங்களை இடையில் நிறுத்தாமல் பாருங்கள்.